அம்மாவின் பெட்டி மட்டும் வரவில்லை

அத்தியாயம் 14

எட்டு இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தது.

பெரியவள் மறுபடியும் எண்ணினாள். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் டை. பெட்டியின் இரண்டு ஜிப்பையும் சேர்த்து இழுத்தால் இறுகிக்கொள்ளும். அப்புறம் வெட்டினால்தான் திறக்கும். பாக்கெட்டில் பன்னிரண்டு வந்தது. நேற்று சாயங்காலம் நாலு பெட்டிக்கு நாலு போட்டாயிற்று. மீதி எட்டு. இப்போது சாப்பாட்டு மேஜையில் கொட்டி எண்ணினால் ஏழு.

"ஒரு டை காணாம போனதுக்கா இப்படி உட்கார்ந்திருக்கே?" அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். போனவள் திரும்பி வந்து டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். மறுபடி போனாள்.

"ஒண்ணு காணோம்னா அது எங்கேயோ இருக்குன்னு அர்த்தம்மா."

"இருக்கட்டுமே. அது பாட்டுக்கு இருக்கு."

பெரியவள் ஆபரேஷன் தியேட்டரில் ஆறு வருஷமாக நர்ஸ். கத்தி, கிளிப், பஞ்சு எல்லாம் உள்ளே போகும்போது ஒரு எண்ணிக்கை, தையல் போடும் முன்னால் ஒரு எண்ணிக்கை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால்தான் கோபத்திலும் கிண்டலிலும் அப்பா அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்.

இந்தக் கப்பல் பயணமே அவள் போட்ட திட்டம். அம்மா இருபத்தாறு வருஷம் நடத்திய பியூட்டி பார்லர் இருந்த கட்டடத்தை இடித்து ஐந்து மாதமாகிறது. அன்றிலிருந்து அப்பா ஒரே ஒரு யோசனைதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ரெஸ்ட் எடு." அம்மாவும் எடுத்தாள். எடுத்து எடுத்து, வீட்டில் இருந்த திரைச்சீலை ஓரங்களையெல்லாம் வெட்டி நேராக்கிவிட்டாள். போன வாரம் பக்கத்து வீட்டு நாய்க்கும் முடி வெட்டியாயிற்று. முப்பதாவது கல்யாண நாளைச் சாக்காக வைத்துப் பெரியவளும் தங்கையும் நாலு நாள் கப்பல் டிக்கெட்டை அம்மா அப்பாவின் கையில் கொடுத்தபோது அப்பா சிரித்தார். அம்மா டிக்கெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். கப்பலின் பெயரை மட்டும் மூன்று தடவை.

அது ஏன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் லிஸ்ட் ஒட்டியிருந்தது. துணிமணி தனி. இது 'கூடுதலாக' என்று தலைப்பிட்ட நாற்பத்தோரு சாமான். காந்தக் கொக்கி பத்து, ஏனென்றால் கப்பல் அறையின் சுவர் இரும்பு. ஆணி அடிக்க முடியாது, காந்தம் ஒட்டும். துணி கிளிப் ஒரு டஜன். ராத்திரி எழுந்தால் முட்டிக்கொள்ளாமலிருக்கச் சின்ன விளக்கு. கழுத்தில் மாட்டுகிற கார்டு கயிறு நாலு. ஈரத்துணிக்குப் பிளாஸ்டிக் பை. வாந்தி மாத்திரை, இஞ்சி மிட்டாய். எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் கதவில் கட்ட ஒரு சிவப்பு ரிப்பன். எல்லாவற்றுக்கும் மேலே அடிக்கோடு போட்டு: 'பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிவிடுவார்கள். சாயங்காலம்தான் அறைக்கு வரும். அதுவரை தேவையானதைக் கைப்பையில் வைக்கவும்.'

அதற்குக் கீழே: 'கூடாதவை.'

"கடைசியா ஒரு தடவை படிக்கிறேன்," என்றாள் பெரியவள். "அயர்ன் பாக்ஸ் கூடாது. கெட்டில் கூடாது. நாலு அங்குலத்துக்கு மேல கத்தரிக்கோல் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வச்சா பெட்டியையே பிடிச்சு வச்சுடுவாங்க. அப்பா, கேட்குதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்."

"எனக்கு ஏன் தனியா படிக்கிற?"

"மூணு தடவை உங்க பெட்டியில இருந்து வெளியே எடுத்தேனே, அதுக்குத்தான்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி மாடிக் கட்டடங்கள் அவர் கையால் ஏறி இறங்குகின்றன. "அறைக்கு ஒரே ஒரு பிளக்தான். போன் நாலு. அந்தக் கம்பெனிக்காரனுக்குக் கணக்கு தெரியல, எனக்குத் தெரியுது. அது தப்பா?"

"தீப்பிடிக்கும்ப்பா. அதான் விதி."

"நான் கட்டின பாக்ஸ் தீப்பிடிக்குமா? முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு பொறி பறந்திருக்கா?"

"அப்பா, விட்டுடுங்க. போன்ல சார்ஜ் இல்லேன்னா கடலைப் பார்க்கலாம்," என்றது சோபாவிலிருந்து ஒரு குரல். தங்கை, இருபது வயது, கல்லூரி. வீட்டில் 'பட்டாசு'. வெடிக்காத நேரம் தூங்கும் நேரம் மட்டும்.

அம்மா சமையலறை வாசலில் நின்று அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்தாள்.

"கழுத்துல காடு மாதிரி வளர்ந்து கிடக்கு. பத்து நிமிஷம் உட்காருங்க. வெட்டி விடுறேன்."

"வேணாம்."

முப்பது வருஷமாக இதே பதில். ஊருக்கெல்லாம் முடி வெட்டிய அம்மாவிடம் அப்பா ஒரு தடவைகூடத் தலையைக் கொடுத்ததில்லை. "வீட்டுக்காரிகிட்ட ஒருநாள் தலையைக் குனிஞ்சா, அப்புறம் நிமிர விடமாட்டா," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. அவளுடைய வலது கையின் கட்டைவிரலும் மோதிர விரலும் மட்டும் காற்றில் விரிந்து மூடின, விரிந்து மூடின.

வண்டி வந்தது. அப்பா பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார். தராசே வேண்டாம், கையால் தூக்கினாலே எடை சொல்லிவிடுவார்.

"சிஸ்டர், பதினாலு. பட்டாசு, பன்னிரண்டு. எனக்கு பத்து." அம்மாவின் பெட்டியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "இருபத்துமூணு."

"நாலு நாளுக்கா?" பட்டாசு கத்தினாள். "அம்மா, என்ன, குடி போறியா?"

"கடல்ல குளிருமாம்," என்றாள் அம்மா.

அப்பா பெட்டியை மெதுவாக வண்டிக்குள் வைத்தார்.

* * *

பதினோரு மணிக்குத் துறைமுகத்தில் பெட்டிகள் கைமாறின. பெல்ட்டில் ஏறி, ரப்பர் திரையைத் தாண்டி உள்ளே போயின. அம்மா தன் பெட்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறைந்த பிறகும் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு அறை. நாலு கட்டில், இரண்டு கீழே, இரண்டு சுவரிலிருந்து மடக்கி இறக்கியவை. ஒரு வட்ட ஜன்னல். ஒரே ஒரு பிளக்.

"பார்த்தியா?" என்றார் அப்பா. "பார்த்தியா, பார்த்தியா?"

காந்தக் கொக்கிகள் டப் டப்பென்று சுவரில் ஒட்டிக்கொண்டன. அதில் மட்டும் எல்லோருக்கும் சந்தோஷம். பட்டாசு தன் தொப்பி, பை, செருப்பு வரை மாட்டிவிட்டு, "அக்கா, உன் லிஸ்ட்டுக்கு ஒரு மார்க் தர்றேன்," என்றாள். பெரியவள் கதவில் சிவப்பு ரிப்பனைக் கட்டினாள்.

"பெட்டி வந்துடுச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"சாயங்காலம்தான்மா வரும். இப்பதான் ரெண்டரை."

"சாயங்காலம்னா மூணு மணிக்கா?"

"நாலு, அஞ்சு, ஆறு. எப்ப வேணா வரும்."

"ஆறா?"

"ஏம்மா, அதுல என்ன இருக்கு? கைப்பையில மாத்துத்துணி வச்சிருக்கியே."

"இல்ல, சும்மாதான்."

சும்மா இல்லை. அடுத்த இரண்டு மணி நேரத்தில் அம்மா ஆறு தடவை அறைக்கதவைத் திறந்து தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மேல்தளத்துக்குப் போனாள், வந்தாள். நாலு மணிக்குக் கப்பல் ஹாரன் அடித்துக் கரையை விட்டபோது எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையசைத்தார்கள். அம்மா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, படிக்கட்டுப் பக்கம் பார்த்து நின்றாள்.

அப்பாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அது வேறு ரகம். கப்பலில் ஒன்பது லிஃப்ட். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிவிட்டு வந்து சொன்னார்: "அஞ்சாம் நம்பர் தரையோட லெவல் ஆகல. ஒரு விரக்கடை கீழே நிக்குது. யாராவது தடுக்கி விழுவாங்க."

"லீவுல வந்திருக்கோம்ப்பா."

"லிஃப்ட்டுக்குத் தெரியுமா நான் லீவுன்னு?"

நாலரைக்கு மூன்று பெட்டிகள் கதவருகே வந்து நின்றன. பதினாலு, பன்னிரண்டு, பத்து. இருபத்துமூன்றைக் காணோம்.

கப்பல் லேசாக ஆட ஆரம்பித்தது. பட்டாசு மேல் கட்டிலிலிருந்து, "எனக்கு ஒரு மாதிரி இருக்கு," என்றாள். மத்தியானம் மாத்திரை போடச் சொன்னபோது, "அதெல்லாம் வயசானவங்களுக்கு," என்று சொன்னவள். இப்போது முகம் வெளிறிப் போயிருந்தது. பெரியவள் மாத்திரையையும் இஞ்சி மிட்டாயையும் கொடுத்தாள்.

"நமத்துப் போச்சே பட்டாசு," என்றார் அப்பா.

"சிரிக்க வைக்காதீங்கப்பா. வெளியே வந்துடும்."

ஐந்தே காலுக்குக் கதவிடுக்கு வழியாக ஒரு சீட்டு உள்ளே நழுவியது. அம்மாவின் பெயருக்கு. 'தங்கள் பெட்டியில் தடை செய்யப்பட்ட பொருள் இருப்பதாக ஸ்கேனில் தெரிகிறது. கீழ்த்தளப் பாதுகாப்பு அறைக்கு வந்து, முன்னிலையில் திறக்கவும்.'

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"அம்மா எங்கே?"

"மேலே எங்கேயோ சுத்துறா," என்றார் அப்பா. "நாம போயி திறந்துட்டு வருவோம்."

* * *

பாதுகாப்பு அறையில் ஒரு நீள மேஜை, பதினைந்து இருபது பெட்டிகள், தலையைத் தொங்கப் போட்ட ஒரு வரிசை. முன்னால் நின்ற பெரியவர் அயர்ன் பாக்ஸோடு பிடிபட்டவர். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள், "கெட்டில்னு சொல்லாதீங்க, அது என் கணவருக்கு வெந்நீர் போடுறது," என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

இவர்கள் முறை வந்தபோது மணி ஐந்து இருபத்தைந்து.

"உரிமையாளர் வரலையா?" அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"நான் மகள். இது அப்பா. ஒரே அறை."

"பார்க்கலாம். எடுத்துட்டுப் போகணும்னா அவங்க கையெழுத்து வேணும்." மஞ்சள் டையை வெட்டினார். ஜிப்பை இழுத்தார்.

மேலாகவே இருந்தது. நாலு துளை, கறுப்பு வயர், அப்பாவின் கைவண்ணம்.

"அப்பா!"

"அட," என்றார் அப்பா. "இது எப்படி இங்கே?"

"அப்பா, நடிக்காதீங்க. உங்க பெட்டியில வச்சா நான் எடுத்துடுவேன்னு அம்மா பெட்டியில ஒளிச்சீங்க. அதானே?"

அப்பா அதிகாரி பக்கம் திரும்பினார். "சார், இதை ஒரு நிமிஷம் திறந்து காட்டுறேன். உள்ளே பாருங்க, ஃபியூஸ் இருக்கு. உங்க கப்பல்ல இருக்கறதைவிட நல்ல வயர்."

"ஐயா, விதி விதிதான். இறங்கும்போது திருப்பித் தருவோம்."

"ரசீது குடுங்க. ரசீது இல்லாம நான் நகரமாட்டேன்."

அதிகாரி ரசீதுப் புத்தகத்தைத் தேடப் போனார். அப்பா அவர் பின்னாலேயே மேஜையின் கோடி வரை போய், வயரின் தடிமனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெரியவள் கலைந்த துணிகளைச் சரிசெய்யக் கையை வைத்தாள். பழக்க தோஷம், எண்ணவும் செய்தாள்.

கறுப்பு பேன்ட் ஆறு. கறுப்புச் சட்டை ஆறு. குதிகால் இல்லாத கறுப்பு ஷூ மூன்று ஜோடி. மூக்குக்கண்ணாடி மூன்று, ஒரே பவர். பல்பசை பெரிய சைஸ் ஐந்து. துவாலைக்குள் சுற்றிய ஒரு தோல் உறை. அது என்னவென்று திறக்காமலே தெரியும். சின்ன வயதில் அதைத் தொட்டதற்கு அடி வாங்கியிருக்கிறாள். அம்மாவின் ஆறு கத்தரிக்கோல்கள்.

நீச்சல் உடை இல்லை. தொப்பி இல்லை. லிஸ்ட்டில் இருந்த நாற்பத்தோரு சாமானில் ஒன்றுகூட இல்லை.

ஆறு கத்தரிக்கோலோடு ஏன் நாலு நாள் லீவுக்கு வர வேண்டும்?

மூடியின் உள்பையில் உள்ளிருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் மடிக்காத ஒரு கடிதம், யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி. கப்பல் சலூன் கொடுத்தது. 'இவர் கொண்டுவரும் தொழிற்கருவிகள் அனுமதிக்கப்பட்டவை' என்று மேலே. கீழே: 'முதல் நாள் மாலை ஆறு மணிக்கு, உங்கள் சொந்தக் கருவிகளுடன், கைத்திறன் சோதனை. தேர்வானால் இந்தப் பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதப் பணி. தவறினால் மறுநாள் காலை அடுத்த விண்ணப்பதாரர் பார்க்கப்படுவார்.'

அவள் மறுபடி படித்தாள். பயணம் முடியும் நாளிலிருந்து.

நாங்கள் இறங்குவோம். அம்மா இறங்க மாட்டாள்.

மணி ஐந்து முப்பத்திரண்டு. அதிகாரி ரசீது எழுதிக்கொண்டே, "கத்தரிக்கு லெட்டர் இருக்கு, அது பிரச்சினை இல்ல," என்று சாதாரணமாகச் சொன்னார். "அந்த பாக்ஸ் மட்டும் இல்லேன்னா மத்த பெட்டிகளோட நாலரைக்கே வந்திருக்கும்."

பெரியவள் சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரசீதில் 'பாக்ஸ்' என்று எழுதியிருந்ததை 'நாலு துளை பாக்ஸ்' என்று திருத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டாரா, கேட்கவில்லையா தெரியவில்லை.

"அப்பா, நான் போய் அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்."

"போயிட்டு வா," என்றார், திரும்பாமல்.

* * *

அம்மா அறை வாசலில்தான் நின்றாள். சிவப்பு ரிப்பனைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி வந்துடுச்சா?"

"கீழே பிடிச்சு வச்சிருக்காங்க. உன் கையெழுத்து வேணும். வா, ஓடு."

லிஃப்ட்டுக்குக் காத்திருக்க முடியாது. படியில் இறங்கினார்கள். மூன்றாவது திருப்பத்தில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்தார்கள்.

"படிச்சுட்டியா?" என்றாள் அம்மா.

"படிச்சேன்."

"அப்பா?"

"பார்க்கலைன்னு நினைக்கிறேன். ஏம்மா? எங்ககிட்ட ஒரு வார்த்தை?"

"சொல்லியிருந்தா நீ லிஸ்ட் போட்டிருப்ப."

பெரியவளுக்குச் சுருக்கென்றது.

"கோவிச்சுக்காதே. உன் லிஸ்ட்ல நான் எங்கே இருக்கேன்னு பார்த்தேன். 'அம்மாவுக்கு முதுகுத் தலையணை.' 'அம்மாவுக்கு மாத்திரை டப்பா.' எனக்கு என்னடி வயசு, ஐம்பது. அஞ்சு மாசமா எல்லாரும் என்னைப் படுக்க வைக்கிறீங்க. எனக்குக் கை நிக்க மாட்டேங்குது."

"அதுக்குன்னு ஆறு மாசமா?"

"அவங்க மூணு மாசம்னு சொல்லியிருந்தா மூணு மாசம் போயிருப்பேன். நான் அப்ளிகேஷன் போட்டு வச்சிருந்த இதே கப்பலுக்கு நீங்க டிக்கெட்டோட வந்து நின்னீங்க. அவங்களும் அப்ப வரும்போதே கையைப் பார்த்துடறோம்னாங்க. நான் என்ன செய்ய?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. "இன்னிக்குத் தேறினாதானே வீட்ல சொல்றதுக்கே விஷயம் இருக்கு. தேறலேன்னா நாலு நாள் கடலைப் பார்த்துட்டு வந்திருப்பேன். யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"கத்தரியைக் கைப்பையில வச்சிருக்கலாமே?"

"கைப்பையை உங்க எல்லார் முன்னாடியும் இல்ல திறந்து பார்ப்பாங்க? பெரிய பெட்டின்னா யாருக்கும் தெரியாம வந்துடும்னு நினைச்சேன். நான்தான் லெட்டர் வச்சிருந்தேனே. எதுக்குப் பிடிச்சாங்க?"

"அப்பா எக்ஸ்டென்ஷன் பாக்ஸை உன் பெட்டியில வச்சிருக்கார்."

அம்மா அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"முப்பது வருஷமா அந்த மனுஷன் பண்ற ரிப்பேர் எல்லாம் என் தலையிலதான் விடியும்," என்றாள். மறுபடி ஓடினாள்.

பாதுகாப்பு அறையில் அப்பா இல்லை. ரசீது வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார் அதிகாரி. அம்மா கையெழுத்துப் போட்டாள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் தோல் உறையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மணி ஐந்து ஐம்பத்தொன்று. சலூன் பத்தாவது தளத்தில்.

இந்தத் தடவை லிஃப்ட். ஐந்தாம் நம்பர். வாசலில் அம்மா தடுக்கினாள், பெரியவள் பிடித்துக்கொண்டாள். ஒரு விரக்கடை. அப்பா சொன்ன அதே ஒரு விரக்கடை.

"அம்மா, யாருக்கு முடி வெட்டப்போறே?"

"பட்டாசுக்கு. ஆள் நாமளே கூட்டிட்டு வரணும்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் அவகிட்ட சொல்லலாம்னு…"

"அவ எழுந்து நிக்கவே முடியாம கிடக்கா. நான் உட்கார்றேன்."

அம்மா அவள் கூந்தலைப் பார்த்தாள். தொழில்காரியின் பார்வை. "கண்றாவியா வச்சிருக்கே. நல்லதுதான்."

* * *

சலூனில் எட்டு நாற்காலி, எட்டுக் கண்ணாடி. கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் சலூன் தலைவி நின்றாள். நாற்பது வயதிருக்கும், கறுப்புச் சட்டை, கையில் கடிகாரம். ஐந்து ஐம்பத்தெட்டு.

"வந்துட்டீங்க. நல்லது. யாரு உட்காரப் போறது?"

"என் பெரிய பொண்ணு."

தலைவி உதட்டைப் பிதுக்கினாள். "நீங்க அனுப்பின வீடியோவுல லேடீஸ் கட் அஞ்சு பார்த்துட்டேன். பிரமாதம். இன்னிக்கு நான் பார்க்கணும்னு நினைக்கிறது ஜென்ட்ஸ் கட். கப்பல்ல பாதிப் பேர் ஆம்பளைங்க."

"லெட்டர்ல அப்படி இல்லையேம்மா."

"இல்லதான். ஆனா யாரையாவது கூட்டிட்டு வாங்க. மத்தப் பயணிகளைச் சோதனைக்கு உட்கார வைக்க முடியாது. ஆறேகால் வரைக்கும் நிப்பேன். ஆறரைக்கு எனக்குக் கஸ்டமர்."

அம்மா தோல் உறையை மேஜைமேல் விரித்தாள். ஆறு கத்தரிக்கோல், சீப்பு, கிளிப். ஒவ்வொன்றையும் நேராக வைத்தாள். ஏற்கெனவே நேராக இருந்ததை மறுபடி நேராக வைத்தாள். அவளுக்குப் போக இடமில்லை, கூப்பிட ஆளில்லை.

"அப்பாவைக் கூப்பிடவா?" என்றாள் பெரியவள் மெதுவாக.

"உட்காருவாரா அவரு?"

"கேட்டுப் பார்க்கலாம்."

"முப்பது வருஷமா கேட்டுப் பார்த்தாச்சு."

ஆறு ஏழு. ஆறு எட்டு. பெரியவள் அப்பாவின் போனுக்கு அழைத்தாள், மணியே அடிக்கவில்லை. சார்ஜ் இல்லாமல் அணைந்திருக்கும். ஒரே ஒரு பிளக்.

கண்ணாடிக் கதவு திறந்தது.

அப்பா. கையில் மடித்த ரசீது. யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தார். எட்டு நாற்காலியையும் பார்த்தார். கடைசி நாற்காலியின் அடியில் குனிந்து, அது ஏறி இறங்குகிற கம்பத்தைத் தட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டு வருஷமாகியிருக்கும்," என்றார். உட்கார்ந்தார்.

"ஏங்க," என்றாள் அம்மா.

"கழுத்துல காடுன்னு சொன்னியே."

தலைவி கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆரம்பிக்கலாமா?"

அம்மா துணியை உதறிப் போர்த்தினாள். காலையிலிருந்து நிற்காத கை, நின்றது. சீப்பை எடுத்தாள், தண்ணீர் தெளித்தாள், அப்பாவின் தலையை இரண்டு விரலால் முன்னால் சாய்த்தாள். அப்பா குனிந்தார்.

பெரியவள் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் எப்படி இங்கே வந்தார்? யார் சொன்னது சலூன் என்று? பத்தாவது தளம், ஆறு மணி, யாருமே அவரிடம் சொல்லவில்லையே. கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. அது பெட்டிக்குள்.

பெட்டி மூடியிருந்தது. நேற்று சாயங்காலம் அம்மாவே ஜிப்பை இழுத்து, அம்மாவே டை போட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தவள் பெரியவள். வெட்டினால்தான் திறக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை உள்ளே வைக்க வேண்டுமென்றால் வெட்டியிருக்க வேண்டும். வெட்டிவிட்டு இன்னொன்று போட்டிருக்க வேண்டும்.

எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு.

திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கடிதம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்தால் பெட்டியைப் பிடித்துவைப்பார்கள் என்று மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டியதும் அவள்தான்.

அப்பா அதை ஒளித்தாரா? அல்லது அம்மாவின் பெட்டி ஆறு மணிக்குள் வராமல் போகட்டும் என்றே வைத்தாரா…

"அப்பா." அவள் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. "ஒரு டை குறையுதுன்னு காலையிலேர்ந்து தேடிட்டிருக்கேன்."

கண்ணாடிக்குள் அப்பாவின் கண்கள் மேலே வந்தன. குனிந்த தலையை நிமிர்த்தாமல், கண்ணை மட்டும் தூக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றார்.

கத்தரிக்கோல் அவர் காதருகே நின்றுவிட்டது.

"எதை எடுத்தீங்க?" அம்மா கேட்டாள். "எப்ப? எதுக்கு?"

தலைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கப்பல் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாக நிமிர்ந்தது. எட்டுக் கண்ணாடியிலும் அம்மாவின் கை அசையாமல் இருந்தது.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்," என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு. "முதல்ல வெட்டி முடி. இறங்குறதுக்கு நாலு நாள் இருக்கு. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு இடது கையால் அவர் தலையை இன்னும் கொஞ்சம் குனிய வைத்தாள்.

"ஆடாம உட்காருங்க," என்றாள். வெட்டத் தொடங்கினாள்.